தம்பி சேர்த்த முடிவு

வெனிஸ், 1681 மார்ச் 9

அக்கா,

கடிதத்தைப் படித்த பிறகு பொட்டலத்தைப் பிரி என்று எழுத நினைத்தேன். நீ ஏற்கெனவே பிரித்திருப்பாய் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆமாம், உன் பாட்டுதான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஸாந்தே தீவிலிருந்து, "நீ மட்டும் படி" என்று அனுப்பினாயே, அதேதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நம் கிரீட்டின் காண்டியா துருக்கியர் கைக்குப் போனபோது நகரமே மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியதைப் பற்றி நீ எழுதியது. உன் பெயரைப் போடவில்லை. முகப்பில் "காண்டியாவில் பிறந்த ஒருத்தி பாடியது" என்று மட்டும் இருக்கிறது.

எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சகத்தில் ஒரு பெரிய பிரார்த்தனைப் புத்தகம் அரசாங்க அனுமதிக்காகக் காத்துக் கிடந்தது. கையெழுத்து வரும்வரை அச்சு இரண்டும் சும்மா நின்றன. வேலையில்லாத ஒரு மத்தியானம், எழுத்துக் கோர்க்கிறவர்களுக்கு உன் பாட்டைப் படித்துக் காட்டினேன். பாதியில் முதலாளியம்மா ஒர்சேத்தா வாசலில் வந்து நின்றுவிட்டாள். புருஷன் போன பிறகு அச்சகத்தை அவள்தான் நடத்துகிறாள். ஆயுசு முழுக்கக் கிரேக்கப் புத்தகம் போட்டவளுக்கு ஒரு வார்த்தை கிரேக்கம் தெரியாது. நான் படித்து முடித்ததும், "யாரு செத்தது?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, ஒரு படகு போகிறது, அவ்வளவுதான் என்றேன். "படகு போறதுக்கா இவனுங்க மூக்கைச் சிந்துறானுங்க? நாளைக்கே கோர்க்கச் சொல்லு" என்றாள்.

பதுவாவில் படித்துவிட்டு வந்த நம் ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அச்சேறுகிற தகுதி பழைய கிரேக்கத்துக்குத்தான், நாம் பேசுவது மீன் வாங்கத்தான் லாயக்கு என்பார்கள். நானும் இந்த ஊருக்கு வந்த நாளாக அந்தப் பழைய மொழிக்குத்தான் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். உன் பாட்டு அச்சேறிய அன்றைக்கு முதல் தாள் அச்சிலிருந்து இறங்கி ஈரத்தோடு கயிற்றில் தொங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். "அடுப்பில் ரொட்டி இருந்தது, எடுக்க நேரமில்லை" என்று இருந்தது. நம் வீட்டுப் பேச்சு, அக்கா. நீ என்னைத் திட்டுகிற அதே பேச்சு ஈயத்தில் வார்க்கப்பட்டு, மையில் தோய்ந்து, கயிறு கயிறாக ஒன்றுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டேன். கூட இருந்தவர்கள் சிரிக்கவில்லை. நீயும் சிரிக்காதே.

கடைசியில் மட்டும் பதினாறு அடி நான் சேர்த்திருக்கிறேன். பாட்டு பாதியில் நிற்கிறதே என்றுதான். படித்துவிட்டு எழுது.

உன் தம்பி,
லியோனிஸ்


ஸாந்தே, 1681 மே 2

லியோனி,

பொட்டலத்தைத்தான் முதலில் பிரித்தேன். கையில் எடுத்தபோது அது ஒரு ரொட்டித் துண்டின் கனம்கூட இல்லை. முதல் பக்கத்தைப் பார்த்ததும் யாரோ என் வீட்டுக்குள் எனக்கு முன்னால் நுழைந்து விளக்கேற்றி வைத்திருப்பதுபோல இருந்தது. அந்த நேரத்தில் உன்னை நான் மன்னித்துக்கூட விட்டேன். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

என் புருஷனையும் பிள்ளையையும் நீ மூழ்கடித்துவிட்டாய்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. எனக்குக் காய்ச்சல் கொதித்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நீ முதல் படகில் ஏறினாய். ஜானெஸ் மருசாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகில் ஏறினார். என் பாட்டிலும் வருகிற, பின்புறம் வெள்ளைச் சிங்கம் வரைந்த வெளிநாட்டுக் கப்பலை நோக்கி அந்தப் படகு போனது. பின்னால் வருகிறோம் என்று கை காட்டினார். நம் கப்பல் ஸாந்தேக்கு வந்தது. அது வரவில்லை. என் பாட்டு அந்தப் படகு போய்க்கொண்டிருப்பதோடு நிற்கிறது. ஏன் அங்கே நிறுத்தினேன்? அதற்கு மேல் எனக்குத் தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது? பாய்மரம் ஒடிந்தது, தண்ணீர் உள்ளே வந்தது, நாலு வயதுக் குழந்தையின் தலைமுடி பாசிபோல விரிந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்ததுபோல எழுதியிருக்கிறாய். நன்றாகவும் எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே.

அன்னேஸா


வெனிஸ், 1681 ஜூன் 14

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை.

பன்னிரண்டு வருடமாக அத்தானுக்கு நாம் ஒரு பிரார்த்தனை சொல்லவில்லை. செத்தவர் நினைவு நாளில் கோவிலில் கொடுக்கிற கோதுமையை வேகவைக்க நீ விடவில்லை. இங்கே சான் ஜோர்ஜோ கோவிலில் செத்தவர்கள் பெயரைப் படிக்கும் நாளில், மற்றவர்கள் எல்லாம் தங்கள் வீட்டுப் பெயரைச் சொல்வார்கள். நான் வாய் மூடி நிற்பேன். துறைமுக அலுவலகத்தில் அந்த வருடமே கேட்டேன். அந்தக் கப்பல் எங்கேயும் கரை சேரவில்லை என்றார்கள். உன்னிடம் சொன்னேன். நீ அந்தப் பேச்சையே காதில் வாங்கவில்லை. எனக்கும் மருசா பிள்ளைதானே? அவளை எங்காவது ஒரு இடத்தில் படுக்க வைக்க வேண்டும்போல இருந்தது. நிலத்தில் இடமில்லை. தாளில் வைத்தேன்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மறுப்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் கரையோரம் நடந்து வந்தேன். புத்தகம் விற்கிறவன் ஒருவன் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நின்று உன் பாட்டை ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் சுமை தூக்குகிறவர்கள், கப்பல்காரர்கள், இரண்டு பாதிரியார்கள். ரொட்டி அடுப்பிலேயே இருந்த இடம் வந்தபோது ஒரு கிழட்டு மாலுமி பக்கத்தில் நின்றவனிடம், "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று மெதுவாகச் சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் உன் தம்பி என்று யாருக்கும் தெரியாது. கும்பலில் ஒருவனாக நின்று கேட்டேன். முதல் தடவை போட்டது முழுக்கத் தீர்ந்துவிட்டது. மறுபடி போடுகிறோம்.

லியோனிஸ்


ஸாந்தே, 1681 செப்டம்பர் 5

லியோனி,

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

இங்கே திராட்சை உலர்த்துகிற காலம். மலையடிவாரத்தில் ஒரு களத்தில் நானும் கூலிக்குப் போகிறேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழத்தைப் புரட்டிப் போடுவோம். போன வியாழக்கிழமை வடக்குக் கோடியில் ஒருத்தி பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில்தான் அது என்ன பாட்டு என்று எனக்கு உறைத்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். களம் முழுக்க என் வாய்க்குள் இருந்தது வெளியே நின்று பாடிக்கொண்டிருந்தது. எனக்குக் கை ஓடவில்லை. அவர்களில் ஒருத்திக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, லியோனி.

ஓய்வு நேரத்தில் அந்தப் பெண்ணிடம் போய், இது யார் பாட்டு என்று கேட்டேன். "யாரோடதும் இல்லக்கா. எங்க பக்கம் ரொம்பக் காலமா பாடுறதுதான்" என்றாள். நாலு மாதத்தில் ரொம்பக் காலம் ஆகிவிட்டது. ஒரு இடத்தில் வார்த்தையை மாற்றியும் விட்டார்கள். நான் "கரை தூரமானது" என்று எழுதியிருந்தேன். அவர்கள் "கரை எங்களை விட்டுப் போனது" என்று பாடுகிறார்கள். அவர்களுடையதுதான் நன்றாக இருக்கிறது. யாருக்குப் பிறந்ததோ தெரியாத குழந்தை தெருவில் சிரித்துக்கொண்டு ஓடினால் பார்த்துக்கொண்டு நிற்போமே, அப்படி நின்றேன்.

உன் பதினாறு அடியையும் பாடினார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்றும் அது காதில் விழுந்தது. அந்த இடத்தில்தான் எல்லோரும் அழுதார்கள்.

அன்னேஸா


வெனிஸ், 1681 அக்டோபர் 11

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

திங்கட்கிழமை காலையில் அச்சகக் கதவை யாரோ காலால் உதைத்தார்கள். திறந்தால் தார் அப்பிய கையோடு ஒரு முரட்டு ஆள். கப்பல் பட்டறையில் பலகை இடுக்கை அடைக்கிற வேலை, பெயர் மனூசோஸ், காண்டியாக்காரன். கையில் நம் சின்னப் புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தான். "இதை அச்சடிச்ச பய யாரு?" என்றான். நான்தான் என்றேன்.

"நீ அந்த வெள்ளைச் சிங்கக் கப்பல்ல வந்தியா?"

இல்லை என்றேன்.

"அப்புறம் எப்படிடா அது முழுகுச்சுன்னு எழுதின? நான் வந்தேன். அது முழுகல. என்னைத் தொட்டுப் பாரு, செத்தவன் மாதிரியா இருக்கு?"

ஒர்சேத்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, இவன் என்ன கத்துகிறான் என்று கேட்டாள். அவனோ நிறுத்துகிறவனாக இல்லை. கரையில் யாரோ வாசித்தபோது கேட்டானாம். பாட்டு முழுக்க நன்றாக இருந்ததாம், முடிவு வந்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்ததாம். "நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பாய்மரம் ஒடிஞ்சது நெசம். எங்கெங்கயோ அடிச்சுட்டுப் போய் புலியாங்கிற சீமைக் கரையில தட்டி நின்னோம். நோய் இருக்கும்னு அங்க இறங்க விடல. அப்புறம் வேற கப்பல்ல ஏத்தி எதிர்க்கரையில இருக்கிற இஸ்திரியாவுக்குக் கொண்டுபோயி, போலாவுக்குத் தெற்கே சதுப்புல நிலம் கொடுத்து உட்கார வச்சாங்க. பேரே இல்லாத ஊரு. நீ பாட்டுக்கு நடுக்கடல்ல விட்டுட்டுப் போயிட்ட."

நான் அவனை உட்காரச் சொன்னேன். கப்பலில் நாலு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு ஆண் இருந்தாரா என்று கேட்டேன். அவன் சிரித்தான். குழந்தையோடு எத்தனையோ பேர் என்றான். பிறகு தானாகவே யோசித்தான்.

"ஒருத்தன் இருந்தான். பேசினா திக்கும். ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நமக்கு மூச்சு முட்டும். ஆனா பாடினா திக்காது. புள்ள தூங்கணும்னு ராத்திரி பகல் பார்க்காம பாடுவான். நாங்க வாயை மூடுடான்னு திட்டுவோம். பாய்மரம் ஒடிஞ்ச அன்னிக்கு மட்டும் யாரும் திட்டல."

அக்கா, அத்தான் திக்கிப் பேசுவார் என்று உன் பாட்டில் ஒரு இடத்திலும் இல்லை. என் அடிகளிலும் இல்லை. மனூசோஸ் தன் பாட்டுக்கு இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், எனக்குக் காது கேட்கவில்லை. ஒரு பொய்யை எழுதினேன். அதைத் தாளில் அடித்துக் காற்றில் விட்டேன். அது போய் உண்மையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. புத்தகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவனுக்குத் தெரியாது. முதல் கோடையிலேயே வேலை தேடி வெனிஸுக்கு வந்துவிட்டான். அந்தச் சதுப்பில் காய்ச்சல் அதிகம் என்றான். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஒர்சேத்தா என்னைப் பார்த்துவிட்டு, "திருத்த வேண்டியதெல்லாம் அப்படியே கிடக்கட்டும், நீ கிளம்பு" என்றாள். காற்று சாதகமானதும் இஸ்திரியாவுக்குப் போகிறேன்.

லியோனிஸ்


ஸாந்தே, 1681 நவம்பர் 19

லியோனி,

உன் கடிதம் இன்று வந்தது. இது உன் கைக்குக் கிடைக்கும்போது நீ போய்த் திரும்பியே இருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் துறைமுகத்தில் போய் நின்று கத்திவிடுவேன்.

பாடினால் அவருக்குத் திக்காது. எனக்கும் உனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்தேன். ஒரு கப்பல் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு காலம் அவர்கள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது எனக்கு ஒரு பயமும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. கடலில் போய்க்கொண்டிருந்தவரைக்கும் அந்தப் படகு என்னுடையது. இப்போது அது ஒரு கரையில் போய் முட்டியிருக்கிறது, அந்தக் கரைக்கு ஒரு பெயரில்லாத ஊர் இருக்கிறது, அங்கே காய்ச்சல் இருக்கிறது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன் பார், அந்த மைக்கறைதான் மேலே.

இருந்தாலும் எழுது. இல்லாவிட்டாலும் எழுது. இந்தத் தடவை நீயாக ஒரு வார்த்தையும் சேர்க்காதே.

அன்னேஸா


போலா, இஸ்திரியா, 1681 டிசம்பர் 3

அக்கா,

மருசா இருக்கிறாள்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

அத்தான் இல்லை. கரை சேர்ந்த முதல் கோடையிலேயே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஊருக்கு மேலே ஒரு மேட்டில் அடக்கம் செய்திருக்கிறார்கள். நம்மவர்கள் ஏழெட்டுக் குடும்பம் அங்கே மிச்சம். அவர்கள்தான் காட்டினார்கள். வேறு கப்பலில் வந்து சேர்ந்த யாரோ, நீ ஸாந்தே போகும் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனாய் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் அவர் உனக்கு எழுதவில்லை. கடைசிவரை உன்னைப் பற்றித்தான் பேசினாராம். பேசினார் என்று சொன்னவர் உடனே திருத்தி, பாடினார் என்றார்.

பிள்ளையை அந்த ஊர் ஸ்லாவியப் பெண் ஒருத்தி எடுத்து வளர்த்திருக்கிறாள். உர்சா என்று பெயர், மீன்பிடிக்கிற குடும்பம். பெண்ணை மாரா என்று கூப்பிடுகிறார்கள். போன இலையுதிர் காலத்தில் உர்சாவின் அக்காள் மகன் யூரேவுக்கே அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். நம் கிழவர் ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். நான் யார், எதற்காக வந்தேன் என்று அவர் சொன்னதும் உர்சா கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எங்களை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"செத்துப்போன இவ அம்மாவுக்கு வருஷா வருஷம் நான் மெழுகுவத்தி ஏத்துறேன்" என்றாள். "இப்ப உயிரோட இருக்கான்னா அத்தனை மெழுகுவத்திக்கும் யாரு பதில் சொல்றது?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

மாரா முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். உன் உயரம். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் நம் அப்பா இருந்தார். நம் பேச்சு அவளுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. கிழவர் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டே வலையைப் பின்னினாள். பிறகு, "அந்தம்மா ஏன் என்னைத் தேடி வரல?" என்று கேட்டாள். எந்தப் பக்கம் போனாய் என்று தெரியவில்லை, கடல் பெரியது என்றேன். அது போதாத பதில் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். அப்புறம் கேட்டாள்: "எங்கப்பா மாதிரி அவங்களுக்கும் பேச்சு திக்குமா?"

"திக்காது. நிற்கவே நிற்காது" என்றேன்.

சிரித்துவிட்டாள். அது உன் சிரிப்பு, அக்கா. வேறு பாஷை பேசுகிற வாயிலிருந்து, கடலுக்கு இந்தப் பக்கம், நீ சின்ன வயதில் மாடியில் நின்று சிரித்த அதே சிரிப்பு. கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்கு உன்னைக் காண்டியாவில் பார்த்த ஞாபகம் உண்டாம்.

இந்தத் தடவை நானாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

லியோனிஸ்


ஸாந்தே, 1682 பிப்ரவரி 10

லியோனி,

குளிர்காலப் புயலால் உன் கடிதம் கோர்ஃபுவிலேயே கிடந்து இப்போதுதான் வந்தது.

படித்த மறுநாள் கோதுமை வேகவைத்தேன். மாதுளை முத்தும் பாதாமும் போட்டு, மேலே சர்க்கரை தூவி, கோவிலுக்கு எடுத்துப்போனேன். யார் பெயருக்கு என்று சாமியார் கேட்டார். ஜானெஸ் என்றேன். எல்லோரும் ஆளுக்கொரு பிடி வாங்கிச் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து வெறும் தட்டைக் கழுவும்போதுதான் அழுதேன். ஒரு பெயர்தான் சொன்னேன், லியோனி. இரண்டு பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன்னிடம் சொன்ன வார்த்தைகளை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நீ செய்தது தப்புதான். அந்தத் தப்பு இல்லாவிட்டால் மனூசோஸுக்குக் கோபம் வந்திருக்காது. என் முடிவைக் கேட்டிருந்தால் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்பான். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடவுள் இப்படித்தான் வேலை செய்கிறார் என்று சாமியார் சொல்கிறார். எனக்கு அந்த அளவுக்கு அவரைத் தெரியாது. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வெனிஸ் போகிற கப்பல்கள் வழிகாட்டி ஆளை ஏற்றிக்கொள்ள இஸ்திரியாவில் நிற்குமாம். முதல் கப்பலில் ஏறுகிறேன். நீ வர வேண்டாம். தனியாகப் போய் நிற்க வேண்டும்போல இருக்கிறது.

அன்னேஸா


வெனிஸ், 1682 ஏப்ரல் 6

அக்கா,

இதை உர்சா வீட்டுக்கு அனுப்புகிறேன். நீ அங்கே சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். எப்படி இருக்கிறாய், அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கக்கூட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நீயாகச் சொல்லும்போது சொல்.

ஒர்சேத்தா மூன்றாவது முறையாகப் பாட்டைப் போடுகிறாள். தெசலோனிக்கியிலிருந்தும் ஸ்மிர்னாவிலிருந்தும் கேட்கிறார்கள். துருக்கியர் ஆளும் கிரீட் கிராமங்களுக்குக்கூட மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிறார்களாம். நாம் போக முடியாத ஊருக்கு அது போகிறது.

முடிவை என்ன செய்வது? என் பதினாறு அடியையும் எடுத்துவிடுகிறேன். உன் படகு நீ விட்ட இடத்திலேயே போகட்டும். அல்லது உண்மையில் நடந்ததையே நீ எழுதித் தந்தால் போடலாம். ஒர்சேத்தாவுக்கு அதுதான் ஆசை. மகள் கிடைத்துவிட்டாள் என்று புத்தகத்தில் வந்தால் ஊரே வாங்கும் என்கிறாள். சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆகவே வியாபாரம் மட்டும் பேசவில்லை என்று தெரிகிறது.

அச்சு காத்திருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

லியோனிஸ்


இஸ்திரியா, 1682 மே 21

லியோனி,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. முதல் பத்து நாள் எனக்கு எழுத்தே வரவில்லை.

கப்பல்காரர்கள் என்னைக் கரையில் இறக்கிவிட்டபோது இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள், ஒரு கிழவி, ஒரு இளையவள். நான் யாரை முதலில் பார்த்தேன் தெரியுமா? கிழவியை. நடுங்கிக்கொண்டிருந்தாள். நானும் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொள்ளாவிட்டால் இரண்டு பேருமே தண்ணீரில் விழுந்திருப்போம். மாரா என் மூட்டைகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

உர்சா வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் எனக்குப் படுக்கை போட்டிருக்கிறார்கள். மாராவை ஸாந்தேக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று உர்சா பயந்திருந்தாள். நானே திரும்பிப் போகிறதாக இல்லை என்று சைகையில் புரியவைக்க அரை நாள் பிடித்தது.

பாட்டைப் பற்றிக் கேட்டாய். இங்கே இருக்கும் நம் குடும்பங்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் என்னை மரத்தடியில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார்கள். என் முடிவு வரைக்கும் படித்துப் புத்தகத்தை மூடினேன். பெலேகியா என்று ஒருத்தி இருக்கிறாள், மூன்று ஆண் பிள்ளைகளை ஏற்றி அனுப்பிய கப்பல் கித்தேரா பாறையில் மோதி உடைந்தது. "இன்னும் பக்கம் இருக்கு, நான் பார்த்தேன். படி" என்றாள். அது என் தம்பி எழுதியது, உண்மை இல்லை என்று சொன்னேன். "உனக்கு உண்மை இல்லை" என்றாள்.

படித்தேன், லியோனி. உன் பதினாறு அடியையும் என் வாயால் படித்தேன். அந்த முடி பாசிபோல விரிகிற இடத்தில் பெலேகியா எழுந்து நின்றுவிட்டாள். அவளோடு இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். கோவிலில் பெயர் படிக்கும்போது எழுந்து நிற்போமே, அப்படி. அவர்களுக்கு மேட்டில் ஒரு குழிகூட இல்லை. அவர்கள் பிள்ளைகள் படுத்திருக்கிற இடம் அந்த ஒரு பக்கம்தான். நீ மருசாவுக்காகத் தோண்டினாய். அவள் வரவில்லை, வேறு யார் யாரோ வந்து படுத்திருக்கிறார்கள். அதைக் கலைக்க நான் யார்?

அதனால் முடிவு அப்படியே இருக்கட்டும். ஒரு எழுத்தையும் எடுக்காதே. எனக்கு நடந்ததை அச்சில் போட வேண்டாம். அதை நான் இங்கே இருந்து பார்த்துக்கொள்கிறேன். ஒர்சேத்தாவிடம் பக்குவமாகச் சொல். ஒன்றே ஒன்று மாற்று: "கரை தூரமானது" என்பதை எடுத்துவிட்டு "கரை எங்களை விட்டுப் போனது" என்று கோர்க்கச் சொல். களத்துப் பெண்கள் சொன்னதுதான் சரி.

மாரா இன்னும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. உர்சாவைத்தான் அப்படிக் கூப்பிடுகிறாள், அது நியாயம். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முன்னால் வந்து நின்று இருமுவாள். நான் திரும்பிப் பார்ப்பேன். நேற்று யூரேவின் வலையில் மத்தி நிறைய விழுந்தது. உர்சா, மாரா, நான் மூன்று பேரும் கரையில் உட்கார்ந்து வயிறு கீறிக்கொண்டிருந்தோம். நான் செய்வதை மாரா கொஞ்ச நேரம் பார்த்தாள். பொறுக்க முடியாமல் கத்தியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, ஆனால் "இப்படியா அறுப்பாங்க? கையைக் கொடுங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, என் கைமேல் தன் கையை வைத்து, மீனைத் திருப்பி, மெதுவாகக் கீறிக் காட்டினாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று.

மீன் அறுக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரியாதவள்போல உட்கார்ந்திருந்தேன்.

அன்னேஸா